தண்டர்பேர்ட்ஸ் மாதிரி வாயசைத்துப் பேசும் பொம்மை: நம்ம ஊர்ப் பொருட்களை வைத்துச் செய்ய வழி சொல்லுங்கள்

மண்ணியாறு:

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளி அறிவியல் மன்றத்துக்காகக் கேட்கிறேன். ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் 1960களில் தயாரித்த ஸ்டிங்ரே, தண்டர்பேர்ட்ஸ், கேப்டன் ஸ்கார்லெட் என்ற பிரிட்டிஷ் பொம்மைத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், அதே பாணியில் 8 நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். கொள்ளிடத்தில் வெள்ளம், நடுத்திட்டில் ஒரு குடும்பம் மாட்டிக்கொள்கிறது, மீட்பு ஊர்தி போகிறது. இதுதான் கதை. கணினி வரைகலை வேண்டாம், எல்லாம் கையால் செய்ததாக இருக்கட்டும் என்பதில் பிள்ளைகள் உறுதி.

மூன்று இடத்தில் தடுமாறுகிறோம். ஒன்று, பேச்சுக்கு ஏற்றபடி உதடு அசைவது. இரண்டு, நடை. பொம்மையை நடக்கவிட்டால் காற்றில் மிதக்கிறது. நம்ம பொம்மலாட்டப் பொம்மை நன்றாக நடக்கிறதே, இது ஏன் நடக்கவில்லை? மூன்று, ஊர்தியையும் வெள்ளத்தையும் செல்போனில் எடுத்தால் விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிகிறது. தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவி.

வெண்ணாறு:

சார், உதட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தத் தொடர்களின் உயிரே அங்கேதான்.

ஆண்டர்சன் குழுவினர் முதலில் நடிகர்களின் குரலை முழுக்கப் பதிவு செய்துவிடுவார்கள். படப்பிடிப்பில் அந்த ஒலிநாடாவை ஓடவிட்டு, அதிலிருந்து வரும் மின்துடிப்பைப் பொம்மையைத் தாங்கும் கம்பிகள் வழியாகவே தலைக்குள் இருக்கும் சொலினாய்டுக்கு (மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச்சுருள்) அனுப்புவார்கள். அது கீழுதட்டை இழுக்கும், துடிப்பு நின்றதும் ஸ்பிரிங் மூடிவிடும். 1960-இல் வந்த ஃபோர் ஃபெதர் ஃபால்ஸ் தொடரிலேயே இது வந்துவிட்டது. இந்தப் பாணிக்குச் சூப்பர்மேரியனேஷன் என்ற பெயர் 1961-இல் சூப்பர்கார் தொடரில்தான் சேர்ந்தது.

தண்டர்பேர்ட்ஸ் பொம்மைகளின் தலை உடம்புக்குப் பெரிதாக இருப்பதற்குக் காரணம் இந்தச் சொலினாய்டுதான். பொம்மை சுமார் 56 செ.மீ. உயரம். மனித விகிதப்படி தலை 7.5 செ.மீ. இருந்தால் போதும், ஆனால் உள்ளே இயந்திரம் அடங்காது. 1967-இல் கேப்டன் ஸ்கார்லெட்டுக்கு வரும்போது இயந்திரத்தை நெஞ்சுக்குள் இறக்கித் தலையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். கழுத்து வழியாக இழுகம்பி விடுவது மாணவர் வேலைக்குக் கஷ்டம், தலை திரும்பும்போதெல்லாம் உதடும் சேர்ந்து இழுபடும். 10 செ.மீ. தலை வையுங்கள். பெரிய தலை, பெரிய கண்தான் தூரத்திலிருந்து பார்க்கிற பிள்ளைக்கும் முகபாவம் காட்டும்.

தலையைக் காகிதக்கூழில் செய்யலாம், தலையாட்டி பொம்மைக்குச் செய்கிற வேலைதான். ஆற்றுக் களிமண்ணைச் சலித்துப் பிசைந்து முகம் பிடியுங்கள். ஈரம் காய்வதற்குள் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு துண்டாகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு எடுத்துவிடுங்கள். களிமண் காய்ந்தால் மூக்கோரம் வெடிக்கும், அந்த வெடிப்பு அச்சிலும் விழும். அச்சுக்குள் சோப்புக் கரைசல் தடவி, செய்தித்தாளைக் கிழித்துப் புளியங்கொட்டைப் பசையில் 5 அல்லது 6 அடுக்கு ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டிய விளிம்பு வரியாகத் தெரியும், கிழித்ததுதான் ஒன்றோடொன்று அமரும். சுவர் 3 மி.மீ. கனம் போதும். புளியங்கொட்டை மாவு 100 கிராமுக்குத் தண்ணீர் 600 மி.லி., அடிபிடிக்காமல் கிண்டி 15 நிமிடம் கொதிக்கவையுங்கள்.

பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவது வழக்கம். போட்டால் தலைக்குள் இரும்பு ஆணி, இரும்பு ஸ்பிரிங் எதுவும் பசையைத் தொடக்கூடாது. துத்தம் இரும்பை அரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். உதட்டுக் கீலுக்குப் பித்தளை ஊசி போடுங்கள், கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் 1.5 மி.மீ. பித்தளைக் கம்பித் துண்டு கிடைக்கும்.

உதடு தனித் துண்டு. தாடை முழுவதையும் அசைத்தால் மரப்பாச்சி வாய் பிளக்கிற மாதிரி ஆகிவிடும். அசைய வேண்டியது கீழுதடு மட்டும், அதுவும் 3 முதல் 4 மி.மீ. தூரம். உதட்டுக்கும் தாடைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மிருதுவான மெல்லிய தோலால் மூடுங்கள், பழைய கையுறைத் தோல் சரியாக வரும். மிருதங்கத் தோல் விறைப்பு, ஆகாது. பலூன் ரப்பர் சில வாரத்தில் பிசுபிசுத்துக் கிழியும். தோல்மேல் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து ஒரே பூச்சு. கெட்டியாகப் பூசினால் விறைத்துப்போய் ஸ்பிரிங்கால் உதட்டை மூட முடியாது. உதடு திறந்தபடியே நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், மின்சுற்றை அல்ல.

மின்சுற்றுக்கு: 12 வோல்ட் சிறிய சொலினாய்டு, கம்பிச்சுருள் மின்தடை 40 ஓம் அளவில் (300 மில்லிஆம்பியர்தான் இழுக்கும்). செல்போனிலிருந்து வரும் ஒலியை எல்எம்386 ஆம்ப்ளிஃபையர் பலகையில் கொடுத்து, வெளியீட்டை 1என்4148 டையோடு இரண்டு வைத்து இரட்டித்து, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, அதோடு இணையாக 22 கிலோஓம், அங்கிருந்து ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட்டின் (சொலினாய்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்ச்) கேட் என்ற கட்டுப்பாட்டு முனை. சொலினாய்டுக்குக் குறுக்கே 1என்4007 கட்டாயம், வெள்ளைக் கோடு நேர்முனைப் பக்கம். இது இல்லாவிட்டால் முதல் சில வசனத்திலேயே மாஸ்ஃபெட் போய்விடும். மின்தேக்கியை 10 மைக்ரோஃபாரட் என்று பெரிதாக்காதீர்கள், வசனம் முடிந்த பிறகும் வாய் திறந்தே தொங்கும்.

குடமுருட்டி:

வெண்ணாறு சொன்னதோடு கம்பியையும் நடையையும் சேர்க்கிறேன்.

அவர்கள் போட்டது சுமார் 0.13 மி.மீ. டங்ஸ்டன் கம்பி. எடையையும் தாங்கியது, மின்சாரத்தையும் கொண்டுபோனது. கடையில் கிடைக்கிற 0.2 மி.மீ. எவர்சில்வர் கம்பி எடையைத் தாங்கும், மின்சாரத்துக்கு உதவாது. அதன் மின்தடை மீட்டருக்கு 23 ஓம் வரும். மேலே இருந்து 2 மீட்டர், போகவும் வரவும் 4 மீட்டர் என்றால் 92 ஓம். 40 ஓம் சொலினாய்டுக்கு 12 வோல்ட்டில் வேண்டிய 300 மில்லிஆம்பியருக்குப் பதில் 90தான் போகும், உதடு துடிக்கக்கூடச் செய்யாது. ஆகவே தூக்குவதற்கு எவர்சில்வர், மின்சாரத்துக்கு மோட்டார் சுற்றுகிற 0.2 மி.மீ. எனாமல் செம்புக் கம்பி இரண்டு. செம்பை எவர்சில்வர் கம்பியின் பின்பக்கமாக, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு துளி பசை வைத்து ஒட்டிக்கொண்டு போங்கள். செம்பில் துளிகூட எடை விழக்கூடாது. அது மீட்டருக்கு அரை ஓம் சொச்சம்தான், இழப்பு தெரியாது. தூண்டில் நரம்பு வேண்டவே வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், முறுக்கிக்கொள்ளும், நீளும்.

கம்பி தெரியாமல் இருக்க, பின்னணிக்கு ஏற்ற மங்கல் வண்ணத்தைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு காட்சிக்கும் தடவ வேண்டும். காட்சி மாறினால் வண்ணமும் மாறும். பின்னணியில் வெறும் வானம் வைக்காமல் தென்னை, மின்கம்பம், ஜன்னல் கம்பி என்று செங்குத்துக் கோடுகள் வையுங்கள், பாதி வேலை அதுவே செய்துவிடும்.

இப்போது நடை. நம்ம கும்பகோணம் வட்டாரப் பொம்மலாட்டப் பொம்மை 4.5 அடி வரை உயரம், 10 கிலோ வரை எடை. அந்த எடை முழுவதும் ஆட்டுபவர் தலையில் மாட்டியிருக்கும் இரும்பு வளையத்திலிருந்து நூலில் தொங்குகிறது, கைகளை மேலிருந்து இரும்புக் கம்பியால் ஆட்டுகிறார். ஆட்டுபவர் அடியெடுத்து வைத்தால் அந்த உடலசைவு நேரே பொம்மையின் இடுப்புக்கு இறங்கிவிடும். அதனால்தான் கால் தரையில் பாவுகிறது. இங்கிலாந்தில் ஸ்லவ் நகரத்தில் இருந்த ஆண்டர்சன் ஸ்டூடியோவில் ஆட்டுபவர்கள் செட்டுக்கு மேலே பாலம்போல் கட்டிய மேடையில் நின்றார்கள், ஆள் ஒரு இடம், பொம்மை ஒரு இடம். பொம்மையோ இலேசு, கம்பியோ நீளம். கால் தரையைத் தொடுவதற்கும் தொடாததற்கும் உள்ள அரை செ.மீ. வித்தியாசத்தை மேலே இருப்பவர் கையில் உணரவே முடியாது. கிறிஸ்டீன் கிளான்வில், மேரி டர்னர் மாதிரி கைதேர்ந்தவர்களுக்கே அது தீராத பிரச்சினை. அதனால்தான் அந்தத் தொடர்களில் பறக்கும் நாற்காலி, நகரும் நடைபாதை, எதற்கெடுத்தாலும் ஒரு வாகனம். கதையே அந்தக் குறையைச் சுற்றிக் கட்டப்பட்டது. அவ்வளவு அழகான எதிர்காலம் அதிலிருந்துதான் பிறந்தது.

உங்களுக்கு என் யோசனை: நடக்கும் காட்சியை இடுப்புக்கு மேல் மட்டும் எடுங்கள். கம்பியை 60 செ.மீ.யாகக் குறைத்து, நம்ம ஆட்டக்காரர் மாதிரி ஒரு வளையத்தில் கட்டித் தலையில் மாட்டிக்கொண்டு, பொம்மைக்குப் பின்னால் கறுப்புத் துணி மறைவில் ஆளே நடக்கட்டும். வளையத்துக்கு உள்பக்கம் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கை ஆட்டும் கம்பி சட்டத்துக்குள் தெரியும் என்றால், அதைக் கீழிருந்து கொடுங்கள். கேப்டன் ஸ்கார்லெட்டிலும் வாகனத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பொம்மைகளில் சிலவற்றைக் கம்பியே இல்லாமல் கீழிருந்துதான் இயக்கினார்கள்.

முழு உருவமும் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் காலில் எடை சேருங்கள். வீச்சு வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டை ஒரு பாதத்துக்கு 80 முதல் 100 கிராம், துணியில் சுற்றித் தைத்து வையுங்கள். வெறும் ஈயத்தைப் பிள்ளைகள் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். முழங்கால் கீல் பின்பக்கம் மட்டும் மடங்கவேண்டும், முன்னால் ஒரு தோல் பட்டி வைத்துத் தடுத்துவிடுங்கள். உடலுக்குக் கல்யாண முருங்கை நல்ல மரம், இலேசு, உளிக்குச் சொன்னபடி கேட்கும். பச்சையாகச் செதுக்கினால் வெடிக்கும், நிழலில் நன்றாக உலர்ந்ததைத்தான் எடுக்கவேண்டும். உளுத்துப்போகும் மரம், வேப்பெண்ணெய் பூசிக் காயவிட்ட பிறகு வண்ணம்.

பேசும்போது தலை இலேசாக ஆட வேண்டும். 4 மி.மீ. உதட்டசைவு தூரக்காட்சியில் கண்ணில் படாது. யார் பேசுகிறார் என்பதைத் தலையசைவுதான் சொல்லும், மற்றப் பொம்மை அசையாமல் நிற்க வேண்டும். தண்ணீர்க் குவளையை எடுப்பது, பொத்தானை அழுத்துவது போன்ற நெருக்கக் காட்சிக்கு அவர்கள் மனிதக் கையையே காட்டினார்கள். தயங்காமல் செய்யுங்கள்.

மண்ணியாறு:

மிக்க நன்றி. மின்சுற்றைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை) போட்டுப் பார்த்தோம், உதடு அசைகிறது. ஒரு சந்தேகம். "அப்பா" என்றால் அழகாக மூடித் திறக்கிறது. "அம்மா" என்றால் நடுவில் மூடாமல் வாய் திறந்தே நிற்கிறது. ஆம்ப்ளிஃபையர் ஒலி அளவைக் குறைத்தால் "அப்பா"வும் கெட்டுப்போகிறது.

வெண்ணாறு:

சார், சுற்றில் குறையில்லை. ப்ப சொல்லும்போது ஒலி உண்மையிலேயே நின்றுவிடுகிறது, அதனால் துடிப்பும் நிற்கிறது. ம்ம சொல்லும்போது உதடு மூடியிருந்தாலும் மூக்கு வழியாக ஒலி வந்துகொண்டே இருக்கிறது. ஒலி இருந்தால் திற என்பது மட்டும்தான் சுற்றுக்குத் தெரியும். தமிழில் மகர ஒற்று அதிகம் என்பதால் இது வசனத்துக்கு வசனம் உறுத்தும்.

வழி இருக்கிறது. குரலை நேரடியாகச் சுற்றுக்குக் கொடுக்காதீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இடது தடத்தில் குரல், வலது தடத்தில் 1000 ஹெர்ட்ஸ் ஒலித்துண்டுகள். உதடு திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் துண்டு, ம, ப வரும் இடமெல்லாம் வெட்டிவிடுங்கள். இடது தடம் ஸ்பீக்கருக்கு, வலது தடம் சொலினாய்டுச் சுற்றுக்கு. ஒரு துண்டு 80 மில்லிசெகண்டுக்குக் குறைய வேண்டாம், அதற்குக் கீழே உதடு நடுங்குவதுபோல் தெரியும். ஒரு நொடிக்கு 6 முறைக்கு மேல் திறக்க வேண்டாம். வேகமான வசனத்தில் எழுத்துக்கு எழுத்து அசைத்தால் மெல்லுவது போலாகிவிடும், நெடில் வரும் இடங்களை மட்டும் பிடியுங்கள். கடைசியாக, வலது தடம் முழுவதையும் 50 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளுங்கள். சொலினாய்டு இழுக்க எடுக்கும் நேரம் அதில் ஈடாகும், ஒலிக்கு ஒரு கணம் முன்பே வாய் திறந்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

குரலை முதலில் பதிவு செய்து பொம்மையைப் பிறகு ஆட்டுவது எவ்வளவு உறுதியான முறை என்பதற்கு ஒரு சான்று: 1960களில் இசைத்தட்டுகளுக்காகப் பதிவான அதே நடிகர்களின் குரலை வைத்து, பழைய முறையிலேயே 3 புதிய தண்டர்பேர்ட்ஸ் அத்தியாயங்களை 2015-இல் படமாக்கினார்கள். குரலும் பொம்மையும் அரை நூற்றாண்டு இடைவெளியில் சேர்ந்தன.

முடிகொண்டான்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மினியேச்சர் விளையாட்டுச் சாமானாகத் தெரிவதற்கு முதல் காரணம் வேகம். சிறியது சீக்கிரம் விழும், சீக்கிரம் குலுங்கும். அந்தக் குலுக்கல் கண்ணுக்கு அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தொடர்களின் மினியேச்சர் காட்சிகளை எடுத்த டெரெக் மெடிங்ஸ் குழு நொடிக்கு 120 படம் வரை எடுத்து மெதுவாக ஓட்டியது இதற்காகத்தான். கணக்கு எளிது: அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்குங்கள். 24-இல் ஒரு பங்கு ஊர்தி என்றால் வர்க்கமூலம் 4.9, ஆக 118. செல்போனின் 120 சரியாகப் பொருந்தும். 8 மீட்டர் ஊர்தி 33 செ.மீ. வரும், 180 செ.மீ. ஆள் 7.5 செ.மீ.

120-இல் எடுக்க 5 மடங்கு வெளிச்சம் வேண்டும். வீட்டு எல்இடி பல்ப் போடாதீர்கள். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விலை குறைந்த பல்ப் நொடிக்கு 100 முறை மினுக்கும். 120 படத்தோடு அது மோதி, மெதுவாக்கிய காட்சியில் நொடிக்கு 4 முறை வெளிச்சம் ஏறி இறங்கும். 12 வோல்ட் பேட்டரியில் எல்இடி பட்டை போட்டால் மினுக்காது. அதைவிட நல்லது வெயில். தை, மாசியில் காலை 9 மணிக்கு மேல் திறந்தவெளியில் எடுங்கள்.

ஊர்தி ஓடுவதற்கு அவர்களது உருளும் சாலைதான் வழி. தண்டர்பேர்ட்ஸ் முதல் அத்தியாயத்தில் ஃபயர்ஃப்ளாஷ் விமானம் சக்கர வண்டிகள்மேல் இறங்கும் காட்சியைப் பிள்ளைகளோடு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஊர்தி நின்ற இடத்திலேயே நிற்கும், கீழே சாலையும் பின்னால் வானமும் துணிப்பட்டையாக ஓடும். 110 மி.மீ. பிவிசி குழாய் இரண்டு, அதன்மேல் கித்தான் பட்டை. 60 கி.மீ. வேகம் தெரிய, 24-இல் ஒரு பங்கு அளவுக்குப் பட்டை நொடிக்கு 3.4 மீட்டர் ஓடவேண்டும், அதாவது குழாய் நிமிடத்துக்கு 600 சுற்று. கையால் சுற்றி முடியாது, தையல் மெஷின் மோட்டார் போதும். பட்டை ஓரத்துக்கு ஓடிப்போகும், அதுதான் எல்லோருக்கும் வருகிற தொல்லை. குழாயின் நடுவில் இன்சுலேஷன் டேப் நாலு சுற்றுச் சுற்றி நடுவை மேடாக்குங்கள், பட்டை தானாக நடுவுக்கு வரும். தையல் மூட்டு நேராக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஊர்தி துள்ளும், சாய்வாக வெட்டி ஒட்டுங்கள். பின்பட்டை முன்பட்டையை விட மெதுவாக ஓடட்டும்.

புழுதிக்கு முல்தானி மட்டி. படப்பிடிப்பில் வெடிப்புக்குப் பயன்படுகிற அதே மண்தான். அரிசி மாவு, மைதா பறக்கவிடாதீர்கள். காற்றில் பரவிய மாவுத்தூள் தீப்பொறி பட்டால் வெடித்து எரியும். உண்மையான தீயே வேண்டாம், ஆரஞ்சு விளக்கும் ஊதுபத்திப் புகையும் போதும். புது ஊர்தியைப் பளபளவென்று விடாமல், கரிக்கோல் தூள் தேய்த்துக் கதவோரங்களில் அழுக்கு இறக்குங்கள்.

வெள்ளம்தான் கடினம். தண்ணீரைச் சிறிதாக்க முடியாது. 4 மி.மீ. சொட்டு 24-இல் ஒரு பங்கு காட்சியில் 10 செ.மீ. உருண்டையாகத் தெரியும். ஆகவே ஆற்றுக் காட்சிக்கு மட்டும் 8-இல் ஒரு பங்கு படகும் ஊர்தி முனையும் தனியாகச் செய்து, நொடிக்கு 60 படத்தில் எடுங்கள். தண்ணீர் தெறிக்கும் காட்சியைத் தவிருங்கள், சுழலும் ஓட்டமும் மட்டும் காட்டுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டால் பரப்பு இழுவிசை குறைந்து அலை பொடியாக உடையும். கொள்ளிடத்து வெள்ளம் செந்நிறக் கலங்கல் என்பது உங்களுக்கு வரம். வண்டலைக் கரைத்துவிட்டால் அடி தெரியாது, 3க்கு 2 மீட்டர் தார்ப்பாய்த் தொட்டியில் 10 செ.மீ. ஆழம் போதும். அதுவே 600 லிட்டர், மொட்டை மாடியில் வைக்காமல் தரையில் வையுங்கள். கேமரா தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் எந்த வெள்ளமும் குட்டையாகிவிடும்.

நீர்மூழ்கிக் காட்சி வேண்டுமென்றால் ஸ்டிங்ரே முறை: கப்பல் தண்ணீருக்குள் இல்லவே இல்லை. கேமராவுக்கு முன்னால் ஒடுங்கிய கண்ணாடித் தொட்டி, அதில் மீனும் காற்றுக்குமிழும். தொட்டிக்குப் பின்னால், உலர்ந்த செட்டில், கம்பியில் கப்பல். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம் என்றால் 54 லிட்டர். 8 மி.மீ. கண்ணாடி, மேல்விளிம்பில் குறுக்குப் பட்டை. தண்ணீரை முதல்நாளே நிரப்பிவிடுங்கள், புதுத் தண்ணீரில் கண்ணாடி முழுக்கக் குமிழ் ஒட்டும். விரலளவு கெண்டைக் குஞ்சுகூடத் திரையில் திமிங்கிலம் ஆகிவிடும், கப்பி போன்ற மிகச் சிறிய மீன்தான் விடவேண்டும்.

மண்ணியாறு:

அந்தத் தொட்டிக்கும் விளக்குக்கும் நடுவே ஏதாவது வைக்க வேண்டுமா? கண்ணாடியில் கேமராவே பிரதிபலிக்கிறது.

முடிகொண்டான்:

கேமராவுக்கு முன்னால் கறுப்புச் சார்ட் தாளில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுத் தொங்கவிடுங்கள். கேமரா பக்கத்து விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செட்டுக்கு மேலிருந்து மட்டும் வெளிச்சம் கொடுங்கள். அந்த விளக்குக்குக் கீழே ஒரு தட்டையான கண்ணாடித் தட்டில் 2 செ.மீ. தண்ணீர் வைத்து ஒருவர் விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால், நிழலலை கப்பல்மேல் ஓடும். பேட்டரி விளக்கு என்றாலும் தண்ணீர் சொட்டாத இடத்தில் இணைப்புகள் இருக்கட்டும்.